நாங்கள் பெண் வீட்டார்

போன வாரம் சென்னையில் ஒரு கல்யாணம். மண்டபம், கூட்டம், வரவேற்பு என்றாலே எனக்கு ஒத்துக்கொள்ளாது. இந்தப் பக்கத்தை வாரா வாரம் படிக்கிறவர்களுக்கு அது தெரியும். ஆனால் நெருங்கிய நண்பரின் பேத்தி. போகாமல் இருக்க முடியுமா?

வாசலிலேயே ஒரு பெண் மடக்கிவிட்டாள். காதில் ஒயர், கையில் வாக்கி-டாக்கி.

"அங்கிள், நீங்க பிரைடு சைடா, க்ரூம் சைடா?"

பெண் வீட்டாருக்கு ரோஸ் ரிப்பனாம், மாப்பிள்ளை வீட்டாருக்கு நீலமாம். சட்டையில் குத்திவிடுவார்களாம். எனக்கோ இரண்டு பக்கமும் வேண்டியவர்கள். என்ன சொல்வது? நான் யோசித்துக்கொண்டு நிற்க, அவளுக்குப் பொறுமை போய்விட்டது. ரோஸ் ரிப்பனைக் குத்தி உள்ளே தள்ளிவிட்டாள்.

நான் பெண் வீட்டார் ஆனது அது இரண்டாவது தடவை.

முதல் தடவை நெய்வேலியில். அறுபதுகளின் தொடக்கம். அப்போது நான் டிரேசர் — இன்ஜினியர்கள் போடும் படத்தின் மேல் மெல்லிய தாளை விரித்து மையால் நகலெடுக்கிற வேலை. பேச்சிலர் குவார்ட்டர்ஸில் ஓர் அறைக்கு நாலு பேர். எங்கள் அறையில் ஒருவன் மதுரை, ஒருவன் பாலக்காடு, ஒருவன் கோலார், நான் கும்பகோணம். நாலு பேருக்கும் பொதுவாக இருந்தது சிவப்புப் புழுதி ஒன்றுதான். வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய்த் திரும்பினால் காவி வேட்டியோடு வருவோம்.

நகரியம் அப்போதுதான் எழும்பிக்கொண்டிருந்தது. பிளாக்குகளுக்கு நம்பர் இருக்கும், வீடு இருக்காது. வீடு இருக்கும், கதவு இருக்காது. ஒரு பக்கம் சுரங்கம் வாயைத் திறந்துகொண்டே போகும். இன்னொரு பக்கம் முந்திரித் தோப்பு... ஷிப்ட் சங்கு ஊதினால் அதிலிருந்து மயில்கள் பதில் கொடுக்கும்.

அந்தத் தோப்பை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை இருந்தது. கான்ட்ராக்டர் ஒருவர் சிமென்ட் மூட்டை அடுக்க எழுப்பியது. அவர் காலி செய்துவிட்டுப் போனதும் அதை இரண்டு கூட்டத்தார் கேட்டுப் போனார்கள். கோயில் இல்லாத கிறிஸ்தவர்கள் ஒரு கூட்டம். மேடை இல்லாத நாடகக்காரர்கள் இன்னொரு கூட்டம். அதிகாரி ரொம்ப யோசிக்கவில்லை. ஆளுக்குப் பாதி என்று சொல்லிவிட்டார்.

நான் நாடகக் கூட்டம். ஒல்லியாக, மீசை சரியாக முளைக்காமல் இருந்ததால் கதாநாயகி வேஷம் நிரந்தரமாக எனக்கு. சிரிக்காதீர்கள்... அப்போது பெண்கள் எங்கே நடிக்க வந்தார்கள்?

கொட்டகைக்கு நடுவே ஒரு திரை. எங்கள் நாடக மன்றத்தில் ஒரு பெயிண்டர் இருந்தார். பகலில் மண்டையோடு வரைந்து 'அபாயம்' என்று எழுதுவார், சாயந்திரம் வந்து அரண்மனை வரைவார். சாக்குகளைப் பிரித்துத் தைத்து, எங்கள் பக்கம் தர்பார் மண்டபம் தீட்டியிருந்தார். சாயம் அந்தப் பக்கமும் ஊறிவிட்டது. ஜனங்களுக்குப் பின்னால், பிரசங்கம் செய்பவருக்கு நேர் எதிரே மங்கலாக நாலு தூண்கள், ஒரு சிம்மாசனம். ஞாயிற்றுக்கிழமைதோறும் அரண்மனையைப் பார்த்துக்கொண்டே பிரசங்கம் செய்த போதகர் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

அவர் கடலூரிலிருந்து பஸ்ஸில் வருவார். அவரை எல்லாரும் 'ஐயர்' என்று கூப்பிட்டார்கள். எனக்கு முதலில் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பிறகு பழகிவிட்டது. சபையில் அப்படித்தான் சொல்வார்களாம்.

சண்டை வரவில்லையா? வந்தது. அவர்கள் ஜெபத்தில் தலை குனிந்திருக்கும்போது எங்கள் வில்லன் திரைக்கு இந்தப் பக்கம் "கொன்றுவிடுவேன்!" என்று கர்ஜித்திருக்கிறான். அதன் பிறகு நேரம் பிரித்துக்கொண்டோம். நேரத்தைப் பிரித்துக்கொண்ட பிறகுதான் வேடிக்கை — ஆட்கள் கலந்துவிட்டார்கள். மார்கழிப் பனியில் அவர்கள் லாரியில் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடிக்கொண்டு பிளாக் பிளாக்காகப் போவார்கள். எங்கள் டோலக்குக்காரன் கூடவே தொற்றிக்கொள்வான். அறுவடைக் காணிக்கைகளை ஏலம் விடுகிற அறுப்பின் பண்டிகையில் ஒரே பூசணிக்காயை ஐந்தாறு பேர் ஏலம் எடுத்துத் திரும்பத் திரும்பச் சபைக்கே கொடுப்பார்கள். ஒரு வருஷம் கடைசியாக எடுத்தவர் எங்கள் மன்றத்துச் சபாபதி சார். அவர் அந்த வழக்கம் தெரியாமல் பூசணிக்காயை வீட்டுக்கே தூக்கிக்கொண்டு போய்விட்டார்!

சபாபதி சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஸ்டோர்ஸில் சீனியர் கிளார்க். நெற்றி நிறைய விபூதி. எங்கள் நாடகங்களை எழுதி, நடத்தி, அப்பா வேஷமும் கட்டுவார். பக்கம் பக்கமாக வசனம் பேசுவார். ஒரு வார்த்தை பிசகாது.

எங்களுக்கு எல்லாம் இருந்தது, ஆர்மோனியம் மட்டும் இல்லை. சபையில் இருந்தது. அதை வாசித்தவள் எஸ்தர்.

எஸ்தர் நகரியப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். திருநெல்வேலிப் பக்கம். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். சபாபதி சார் தயங்கித் தயங்கிப் போய்க் கேட்டார் — "எங்க நாடகத்துக்கும் கொஞ்சம்..." நாடகக் கொட்டகையில் ஆண்களுக்கு நடுவே உட்கார்ந்து ஒரு டீச்சர் வாசிப்பதா? ஊர் என்ன சொல்லும்? எஸ்தர் ஒரு வழி சொன்னாள். "நான் எங்க பக்கம் உட்கார்ந்தே வாசிக்கேன் சார். சத்தத்துக்குத் திரை உண்டுமா?"

அப்படியே நடந்தது. அவள் கோயிலில் உட்கார்ந்து வாசிப்பாள், நான் அரண்மனையில் நின்று அழுவேன். என் அழுகை சுமார்தான். ஜனங்களை அழவைத்தது அந்த ஆர்மோனியம்.

எங்களுக்கு லைட் போட்டவன் அருளப்பன். கம்பெனியில் எலக்ட்ரீஷியன், சபைக்காரன். உப்புத் தண்ணீர்ப் பானைக்குள் கம்பியை இறக்கி ஏற்றி, விளக்கைச் சிறிது சிறிதாக மங்கவைப்பான். எங்களுக்கு அதெல்லாம் மாயாஜாலம். லைட்டைத் திருப்ப ஏணி மேலே நிற்பான். ஏணி மேலே நின்றால் திரைக்கு இரண்டு பக்கமும் தெரியும் அல்லவா?

தெரிந்துவிட்டது. அதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

அருளப்பனின் ஊர் சுரங்கத்துக்குப் போய்விட்ட ஊர்களில் ஒன்று. அவன் அப்பா, அதற்கு முன் தாத்தா, எல்லாரும் பிறத்தியார் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். நிலம் வைத்திருந்தவர்களுக்கு நஷ்ட ஈடு கிடைத்தது. இவர்களுக்கு ஒரு குடிசை போட இடம். அவன் அம்மா அஞ்சலை அங்கேதான் இருந்தார். ஞானஸ்நானத்தில் வேறு பெயர் வைத்தார்களாம். ஐயர் மட்டும் அந்தப் பெயரைச் சொல்வார். மற்ற எல்லாருக்கும் அஞ்சலைதான்.

எஸ்தர் பொங்கல் லீவில் ஊருக்குப் போய் வீட்டில் விஷயத்தைச் சொன்னாள். அவள் அப்பா ஞானமுத்து அங்கே தலைமை ஆசிரியர். ஊரே எழுந்து நிற்கும் மனிதர். அவர் கத்தவில்லை, அடிக்கவில்லை. "நம்ம குடும்பத்துக்குச் சரிப்படாது" என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனவர், அவள் கிளம்புகிற வரை அவளிடம் பேசவில்லை.

எனக்கு ஆச்சரியம். சபாபதி சாரிடம் கேட்டேன். "ஏன் சார், அவங்களும் கிறிஸ்தவங்க, இவங்களும் கிறிஸ்தவங்க. அப்புறம் என்ன?"

சபாபதி சார் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். "அது ஒண்ணு மட்டும் மதம் மாறாதுப்பா" என்றார்.

எங்கள் ஊரில் மட்டும் என்ன வாழ்ந்தது? மேலே கேட்காமல் இருந்துவிட்டேன்.

கல்யாணத்தை வைகாசியில் வைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. மூன்று ஞாயிறு சபையில் அறிவிப்புச் சொல்ல வேண்டும். பெண்ணின் சொந்த ஊர்ச் சபையிலும் வாசிக்க வேண்டும். ஆக, ஞானமுத்து தன் பெண்ணுக்குக் கல்யாணம் என்பதைத் தன் கோயிலில் ஊர் ஜனங்களோடு உட்கார்ந்து கேட்டிருக்கிறார். அந்த மூன்று ஞாயிறும் அவருக்கு எப்படிப் போயிருக்கும்? அப்போது எனக்கு அது தோன்றவில்லை. இப்போது தோன்றுகிறது.

மாப்பிள்ளைக்கு ஆள் இருந்தார்கள். அஞ்சலை, அவர் தம்பிகள், குடியிருப்பு முழுக்கச் சொந்தம். பெண்ணுக்கு? ஒருவரும் இல்லை.

ஒரு சாயந்திரம் ஒத்திகையில் சபாபதி சார் நோட்டை மூடி வைத்தார்.

"நமக்கு அந்தப் பொண்ணு இத்தனை நாள் வாசிச்சிருக்கு. அதோட கல்யாணத்துல பொண்ணு வீட்டுப் பக்கம் காலியா இருக்கலாமா?"

அவரே பதிலும் சொன்னார்.

"இருக்கக் கூடாது. நான் அப்பா. என் வீட்டுல அம்மா. பெயிண்டர், நீ தாய்மாமன்." என் பக்கம் திரும்பினார். "நீ அண்ணன்."

மன்றத்தில் எனக்குக் கிடைத்த முதல் ஆண் வேஷம் அதுதான்.

வேலை மளமளவென்று நடந்தது. பெண்ணுக்குத் தலையில் போடும் வெள்ளை நெட்டு முக்காட்டுக்கு நெய்வேலியில் எங்கே போவது? என் அறைக்காரக் கோலார்க்காரன் அப்போதுதான் புதுக் கொசுவலை வாங்கியிருந்தான். கொடுத்துவிட்டான். சபாபதி சாரின் மனைவி அதை வெட்டி, ஓரத்தில் ஜரிகை வைத்துத் தைத்தார். அதன் பிறகு அந்த மழைக்காலம் முழுக்க அவன் கொசுக்கடியில் கன்னடத்தில் திட்டிக்கொண்டு கிடந்தது தனிக் கதை.

சபாபதி சாருக்கு ஒரே ஒரு வசனம். 'இந்தப் பெண்ணைக் கொடுப்பவர் யார்?' என்று ஐயர் கேட்பார். இவர் 'நான்' என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையை மனிதர் நாள் முழுக்க ஒத்திகை பார்த்தார். ஸ்டோர்ஸில் ஃபைலைப் புரட்டிக்கொண்டே "நான்..." என்பார். ஓங்கி ஒரு தடவை, தழைத்து ஒரு தடவை. பக்கத்து மேஜைக்காரர்கள் பயந்துபோனார்களாம்.

ஐயரிடமும் ஒரு சந்தேகம் கேட்டார். "ஐயரே, கோயிலுக்குள்ள வர்றப்ப இந்த விபூதியை அழிச்சிடணுங்களா?"

ஐயர் சிரித்தார். "பொண்ணைக் கூட்டிட்டு வர்ற அப்பாவை நெத்தியைப் பாத்தா உள்ள விடறோம்? அப்படியே வாங்க."

கல்யாண நாள். வெயில் காலையிலேயே ஏறிவிட்டது. கொட்டகைக்குப் பின்னால் முந்திரி மரத்தடியில் அஞ்சலையின் தம்பிகள் அடுப்பு மூட்டி அண்டா வைத்திருந்தார்கள். தோப்பில் முந்திரிப் பழ வாசனை. பண்ருட்டியிலிருந்து வந்த பலாப் பழங்கள் நிழலில் கிடந்தன. ஜெனரல் ஷிப்ட்காரர்கள் பர்மிஷன் போட்டுவிட்டு வந்திருந்தார்கள்.

எஸ்தர் எங்கள் பக்கம், அரண்மனையில், தயாராக இருந்தாள். திரையை விலக்கினால் கோயில். நேரே போனால் ஐயர். எவ்வளவு வசதி!

நான் வாசலில் சந்தனமும் கற்கண்டும் வைத்துக்கொண்டு நின்றேன். அண்ணன் அல்லவா? வருகிறவர்களை எல்லாம் "வாங்க, வாங்க" என்று வாய் நிறையக் கூப்பிட்டேன்.

பஸ் ஸ்டாப் பக்கமிருந்து ஒரு பெரியவர் குடை பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். வெள்ளை வேட்டி, மூடிய கழுத்துக் கோட்டு. வேட்டி முட்டி வரை சிவப்பு. கண்ணில் தூக்கமே இல்லை.

"வாங்கய்யா, வாங்க! மாப்பிள்ளை வீடா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க யாரு?"

"நான் பொண்ணோட அண்ணன்" என்றேன். நல்ல குரலில். ஒத்திகை பார்த்த குரலில்.

அவர் குடையை மடக்கினார்.

"அவளுக்கு அண்ணன் கிடையாதே தம்பி. நான் அவ அப்பா."

கையிலிருந்த கற்கண்டுத் தட்டு எப்படிக் கீழே விழாமல் இருந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

உள்ளே கூட்டிக்கொண்டு போனேன். வேறு என்ன செய்வது? மன்றத்தில் அப்போது உட்காரக்கூடியதாக இருந்தது நாடகச் சிம்மாசனம் ஒன்றுதான். அதைக் காட்டினேன். அவர் உட்காரவில்லை. கொசுவலைக்குள்ளிருந்து எஸ்தர் எழுந்து நின்றாள்.

"அப்பா... ராத்திரி வண்டியா? காலையில ஏதாவது சாப்பிட்டீங்களா?"

"பெட்டியை எடு. விருத்தாசலத்துல மத்தியான வண்டி இருக்கு."

"வந்ததே சந்தோஷம்ப்பா. இருங்க. முடிஞ்சதும் எல்லாரும் சேர்ந்து சாப்பிடலாம்."

"அவுக வீட்டுச் சாப்பாட்டையா?"

எஸ்தரின் முகம் சுருங்கியது. கொசுவலையைத் தலையில் சரிசெய்துகொண்டாள். அப்புறம் சொன்னாள். "ஆமாப்பா. அவங்க வீட்டுச் சாப்பாடுதான். இனிமே எனக்கும் அதுதான் வீடு. நான் வரமாட்டேன்."

குரலை உயர்த்தவே இல்லை. பிள்ளைகளுக்கு ஒரு கணக்கை இரண்டாம் தடவை சொல்லிக் கொடுக்கிற மாதிரி சொன்னாள்.

சபாபதி சார் முன்னால் வந்தார். சரிகை அங்கவஸ்திரம், விபூதி. கை கூப்பினார்.

"சார், நீங்க வருவீங்கன்னு எங்களுக்குத் தெரியாது. இது உங்க இடம். நான் ஒதுங்கிக்கிறேன். நீங்க கூட்டிட்டுப் போங்க."

"நான் கொடுக்க மாட்டேன்" என்றார் ஞானமுத்து. "நீரும் கொடுக்கக் கூடாது. எம் மகளைக் கொடுக்க உமக்கு என்ன உரிமை?"

"ஒரு உரிமையும் இல்லை சார். எங்களுக்கு ஆர்மோனியம் வாசிச்ச பொண்ணு. தனியா நடந்து போகக் கூடாதுன்னு நெனச்சோம். அவ்வளவுதான்."

ஞானமுத்து வெளியே போகத் திரும்பினார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்" என்றார் சபாபதி சார். "அந்தப் பக்க வாசல்ல நில்லுங்க. அவ திரும்பிப் பாத்தா நீங்க இருக்கணும். திட்டணும்னா அப்புறம் திட்டிக்கலாம்."

அந்தப் பக்கம் பாட்டு ஆரம்பித்துவிட்டது. திரையை விலக்கினோம். எஸ்தர் சபாபதி சாரின் கையைப் பிடித்துக்கொண்டு அரண்மனையிலிருந்து கோயிலுக்குள் போனாள். பின்னால் நாங்கள், பெண் வீட்டார். நான் பக்க வாசலைப் பார்த்தேன். குடையை ஊன்றிக்கொண்டு அவர் நின்றிருந்தார். கால் வெளியே, முகம் உள்ளே.

ஐயர் வாசித்துக்கொண்டே வந்தார். இந்தக் கல்யாணத்துக்குத் தடை சொல்ல யாராவது இருந்தால் இப்போதே சொல்லலாம் என்ற இடம் வந்தது. வழக்கமாக யாரும் கவனிக்காத இடம் அது. அன்றைக்கு எங்கள் கழுத்தெல்லாம் தானாக வாசல் பக்கம் திரும்பியது. அருளப்பன் மட்டும் திரும்பவில்லை. நேரே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

ஞானமுத்து வாயைத் திறக்கவில்லை.

மூச்சு வந்தது எங்களுக்கு. ஐயர் அடுத்த கேள்விக்கு வந்தார் — இந்தப் பெண்ணைக் கொடுப்பவர் யார்?

சபாபதி சார் பேசவில்லை.

ஐயர் திரும்பவும் கேட்டார். சபாபதி சார் அவரைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. மேடையில் ஒரு நாளும் வசனம் மறக்காத மனிதர்! தகரம் வெயிலில் படபடவென்று வெடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. எஸ்தர் தலை நிமிரவில்லை.

அப்போது முன்னால் பாயில் உட்கார்ந்திருந்த அஞ்சலை எழுந்துவிட்டார்.

"இன்னா ஐயரே இது! எம்மா நாழி நிக்கும் அந்தப் பொண்ணு? குடுக்க ஆளு இல்லன்னா நானே குடுக்கறேன், நானே வாங்கிக்கினு வூட்டுக்குப் போறேன்!"

ஐயர் திகைத்துப்போனார். "நீ மாப்பிள்ளைக்கு அம்மா. நீ குடுக்க முடியாதும்மா, வாங்கத்தான் முடியும்."

"இன்னா சட்டமோ போங்க! வெயில்ல பொண்ணு வாடிக்கினு நிக்குது, கேள்வி கேட்டுக்கினு இருக்கீங்க."

யார் முதலில் சிரித்தது என்று தெரியாது. கொட்டகை முழுக்கச் சிரித்தது. ஐயர் புத்தகத்தை முகத்துக்கு மறைத்துக்கொண்டு சிரித்தார். கொசுவலைக்குள் எஸ்தரின் தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா, அழுகிறாளா... இரண்டும்தான்.

சிரிப்பு அடங்கியதும் சபாபதி சார் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். ஒத்திகை பார்த்த குரல் எதுவும் இல்லை. கரகரத்த, வேறு யாருடையதோ மாதிரி ஒரு குரல்.

"அவங்க அப்பா அம்மா சார்புல... நான்."

எஸ்தரின் கையை எடுத்து ஐயர் கையில் கொடுத்தார்.

நான் வாசலைப் பார்த்தேன். அங்கே ஆள் இல்லை.

வெளியே ஓடினேன். பஸ்ஸுக்குப் போய்விட்டாரோ? இல்லை. அடுப்புக்கு அந்தப் பக்கம் தெருக் குழாயில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். கழுவிக்கொண்டே இருந்தார். நெய்வேலிக் குழாய்த் தண்ணீர் சூடாக வரும். அதையே அள்ளி அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டார். நான் துண்டை நீட்டினேன்.

துடைத்துக்கொண்டு கேட்டார். "அந்த அம்மா யாரு?"

"மாப்பிள்ளையோட அம்மா சார்."

குடையை எடுத்துக் கக்கத்தில் வைத்தார். முந்திரி மரங்களைப் பார்த்தார். உள்ளே பாட்டு முடிகிற வரை அங்கேயே நின்றார். அப்புறம் என் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்.

"இலை எங்க போடுதாவ?"

அரண்மனையில்தான் இலை. தரையில் ஜமுக்காளம் விரித்து வரிசையாக வாழையிலை. அவரை உட்கார வைத்தேன். எஸ்தர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தால் அவர் எழுந்துவிடுவாரோ என்று பயந்த மாதிரி இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அஞ்சலை சோற்றுக் கூடையோடு வரிசையில் வந்தார். அவருக்கும் தெரியும் இவர் யாரென்று. ஒரு வினாடி கை நின்றது. பிறகு எல்லாருக்கும் வைத்த மாதிரியே வைத்தார்.

"ஐயா, கொளம்பு கொஞ்சம் காரம்ங்க. பாத்து ஊத்திக்கினு சாப்புடுங்க."

ஞானமுத்து சோற்றில் விரலை வைத்தார். பிசைந்தார். ரொம்ப நேரம் பிசைந்தார். பக்கத்தில் எல்லாரும் பாதி சாப்பிட்டுவிட்டார்கள். நானும் சபாபதி சாரும் பரிமாறுகிற சாக்கில் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தோம். நான் ஒரே ஆளுக்கு மூன்று அப்பளம் வைத்துவிட்டேன்.

கடைசியில் அவர் முதல் கவளத்தை எடுத்து வாயில் வைத்தார். மென்றார். விழுங்கினார். அடுத்த கவளம்.

எஸ்தரின் கண்ணிலிருந்து ஒரு சொட்டு அவள் இலையில் விழுந்தது. அவளும் சாப்பிட ஆரம்பித்தாள்.

அஞ்சலை அடுத்த இலைக்குப் போய்விட்டார். கொஞ்சம் பொறுத்து ஞானமுத்துவின் குரல் கேட்டது. "ரசம் இருக்கா?"

அன்று மத்தியானமே கிளம்பிவிட்டார். பஸ் ஸ்டாப் வரை நானும் மாப்பிள்ளையும் போனோம். பஸ் வந்ததும் அருளப்பனைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை கேட்டார்.

"கரண்டு வேலையா?"

"ஆமாங்க."

"பாத்துச் செய்யணும்" என்றார். ஏறிக்கொண்டார்.

அருளப்பன் பஸ் போன பிறகும் அந்த இடத்தைவிட்டு அசையவில்லை. "என்னாண்ட பேசிட்டாருப்பா..." என்றான். சொல்லிவிட்டு எதற்கோ சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

அப்புறம்?

அவர்களுக்குக் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. குழந்தை பிறந்தது. ஞானமுத்து பேரனைப் பார்க்க வந்தார், மனைவியையும் கூட்டிக்கொண்டு. வருஷா வருஷம் மே மாதம் வருவார். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். குவார்ட்டர்ஸில் தங்குவாரே தவிர, அஞ்சலையின் குடியிருப்புக்கு அவர் ஒரு தடவைகூடப் போனதில்லை. "வெயில்", "கால் வலி", "அடுத்த தடவை"... அஞ்சலை அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அல்லது காட்டிக்கொள்ளவில்லை. ஒரு பலாப்பழத்தைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி வந்துவிடுவார். "அவுரு வரலன்னா இன்னா, எனக்குக் காலு இருக்குது இல்ல" என்பார். சம்பந்திகள் இருவரும் கூடத்தில் உட்கார்ந்து, அதிகம் பேசாமல், சுளை எடுத்துச் சாப்பிடுவார்கள். நானே பார்த்திருக்கிறேன்.

சபாபதி சாரிடம் பிறகு ஒரு நாள் கேட்டேன். "அன்னிக்கு ஏன் சார் வாய் அடைச்சுப் போச்சு? ஒரு வார்த்தைதானே?"

"பெத்தவன் வாசல்ல நிக்கறான். அவனைப் பாத்துக்கிட்டே 'நான்'னு எப்படிப்பா சொல்றது? மேடைன்னா சொல்லியிருப்பேன்."

காலம் போயிற்று. சபைக்குக் கல்லில் ஒரு கோயில் கட்டினார்கள். அழகான கோயில். எங்களுக்கும் ஃபேன் போட்ட ஒரு ஹால் கிடைத்தது. கதாநாயகி வேஷத்துக்குப் பெண்கள் வந்தார்கள், எனக்கு மீசை வந்தது. தகரக் கொட்டகையைப் பிரித்துவிட்டார்கள். அதன் பிறகு அவர்கள் பாட்டு எங்களுக்குக் கேட்கவில்லை, எங்கள் கர்ஜனை அவர்களுக்குக் கேட்கவில்லை. வசதிதான். ஆனாலும் ஒத்திகைக்கு நடுவே சில சமயம் பேச்சை நிறுத்திவிட்டு, சுவருக்கு அந்தப் பக்கம் ஏதாவது கேட்கிறதா என்று காது கொடுத்திருக்கிறேன்.

ஞானமுத்து மனம் மாறினாரா? இந்தக் கதையை நான் யாரிடம் சொன்னாலும் இதைத்தான் கேட்கிறார்கள். எனக்குத் தெரியாது. நான் அவரைக் கேட்டதில்லை. எஸ்தரும் கேட்டிருக்க மாட்டாள். இந்த வயதில் எனக்குத் தோன்றுவது இதுதான்: மனசு மாறிய பிறகுதான் இலை போடுவோம் என்றிருந்தால் உலகத்தில் பாதிப் பேர் பட்டினி கிடக்க வேண்டியதுதான். முதலில் உட்கார வையுங்கள். மனசு மெதுவாக நடந்து வரட்டும்.

வராவிட்டாலும்... சோறு வீணாகவில்லையே!